மேஜர் ஆம்ஸ்ட்ரோங்கும் டைனமோ றேடியோவும்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு சைக்கிள் டைனமோ எதற்கெல்லாம் உதவும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் றேடியோவுக்குக் கிட்டப் போய்க் குந்தியிருந்து லண்டனில் இருந்து வந்த தமிழோசையையும் மணிலாவில் இருந்து வந்த வெரித்தாஸையும் கேட்டார்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் களைத்துவிடும். பிறகு இன்னொருவர் கை மாற்றுவார்.

இந்தக் கதை எங்களுக்கு மனப்பாடம். அந்தப் பெட்டிக்கு உள்ளே இருந்த கதை அவ்வளவாகத் தெரியாது. மூடியைக் கழற்றினால் மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று நிறம் பூசிய தலைகளோடு சின்னச் சின்னத் தகரக் கூடுகள் வரிசையாகத் தெரியும். றேடியோ திருத்துகிறவர்கள் எதைத் தொட்டாலும் இவற்றை மட்டும் முறுக்கிவிடாதே என்று எச்சரிப்பார்கள். அந்தக் கூடுகள் 455 கிலோஹேட்ஸ் என்ற ஒரே மீடிறனுக்கு இசைக்கப்பட்டவை. வெளியே இருந்து எந்த நிலையம் வந்தாலும் முதலில் 455 கிலோஹேட்ஸாக மாற்றப்பட்டுத்தான் உள்ளே போகும். ஏன் இப்படி ஒரு சுற்றுவழி என்று கேட்டுக்கொண்டு பின்னோக்கிப் போனால், நியூயோர்க்கில் 1890 டிசம்பர் 18 இல் பிறந்த எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ரோங் என்ற மனிதரிடம் போய் நிற்போம்.

நிலவில் கால் வைத்த ஆம்ஸ்ட்ரோங் வேறு ஆள். நான் ஊடகக் கற்கைகள் படித்தபோது மார்க்கோனியின் பெயர் பரீட்சைக்கு வந்தது. ஒலிபரப்பைப் பெரும் வியாபாரமாக்கிய டேவிட் சார்னொஃபின் பெயரும் வந்தது. ஆம்ஸ்ட்ரோங் ஒரு வரியில் கடந்துபோனார். இன்று கடையில் வாங்கும் எந்த வானொலிக் கருவியிலும் அவருடைய குறைந்தது ஒரு கண்டுபிடிப்பாவது இருக்கிறது, பெரும்பாலானவற்றில் இரண்டு இருக்கின்றன என்பதை நான் தெரிந்துகொண்டது பட்டம் பெற்றுப் பல வருடங்களுக்குப் பிறகு.

அவருடைய தகப்பன் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் அமெரிக்கக் கிளையில் வேலை செய்தார். தாய் ஆசிரியையாக இருந்தவர். சிறுவயதில் கைகால்கள் தம்பாட்டில் துடிக்கும் ஒரு நோய் வந்து, இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போக முடியாமல் வீட்டிலேயே படித்தார். நோய் மாறியது, ஆனால் மனம் பதறும்போது கழுத்தும் தோளும் வெட்டி இழுக்கும் பழக்கம் சாகும்வரை நின்றது. குடும்பம் நியூயோர்க்குக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் யோங்கர்ஸ் என்ற இடத்துக்கு மாறியது. மேல்மாடி அறையில் தனியாக இருந்து கம்பிகளோடு விளையாடிய பெடியன், வீட்டு வளவில் 125 அடி உயரத்தில் தானே ஒரு அன்ரனாக் கம்பம் எழுப்பினான். உயரத்தில் ஏறுவது அவனுக்குப் பயமில்லை. அது பிற்காலத்தில் அவரைச் சிக்கலிலும் மாட்டியது.

அப்போது வானொலி என்றால் காதில் மாட்டும் கருவியில் மெல்லிய கிசுகிசுப்பாக வரும் மோர்ஸ் ஒலிதான். லீ டி ஃபொரஸ்ட் என்பவர் 1906 இல் ஓடியோன் என்ற மூன்று முனை வால்வைச் செய்திருந்தார். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் செய்தவரே சரியாக விளங்கிக்கொண்டிருக்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் மாணவனாக இருந்த ஆம்ஸ்ட்ரோங், 1912 இல் அதற்குள் என்ன நடக்கிறது என்று அளந்து பார்த்தார். வால்வில் இருந்து வெளிவரும் சமிக்ஞையில் கொஞ்சத்தைத் திரும்பவும் உள்ளே ஊட்டினால் அது மேலும் மேலும் பெருகும் என்று கண்டார்.

கோயில் திருவிழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால் கூவென்று அலறுமே, அதே சங்கதிதான். அலறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் நிறுத்தினால், கிசுகிசுப்பு அறை முழுக்கக் கேட்கும் ஒலியாகிறது. அலற விட்டால் அதே சுற்று அலைபரப்பியாகவே மாறிவிடுகிறது. ஒரே கண்டுபிடிப்பில் வானொலியின் வாயும் காதும் கிடைத்துவிட்டன.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கத் தகப்பனிடம் காசு கேட்டார். படிப்பு முடியட்டும் என்று தகப்பன் மறுத்துவிட்டார். எங்கள் வீடுகளிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கையில் காசில்லாத மாணவன், உறவினர் ஒருவரின் யோசனைப்படி சுற்றின் வரைபடத்தை 1913 ஜனவரி 31 அன்று நொத்தாரிசுக்கு முன்னால் அத்தாட்சிப்படுத்தி வைத்தார். முறையான விண்ணப்பம் ஒக்டோபரில்தான் போனது. இந்தச் சில மாதத் தாமதம் பின்னால் இருபது வருட வழக்கானது.

1914 ஜனவரியின் கடைசியில், நியூ ஜேர்சியில் பெல்மார் என்ற இடத்தில் இருந்த மார்க்கோனி நிலையத்துக்குத் தன் பெட்டியைக் கொண்டுபோனார். அவரைச் சோதிக்க வந்தவர் ரஷ்யப் பேரரசில் இருந்து சிறுவனாகக் குடிபெயர்ந்து வந்து, அந்த நிறுவனத்தில் அடிமட்டத்தில் இருந்து மேலே வந்துகொண்டிருந்த டேவிட் சார்னொஃப். குளிரில் விறைத்துக்கொண்டு இருவரும் விடியும்வரை கேட்டார்கள். அயர்லாந்து கேட்டது, பசிபிக் கடலுக்கு நடுவே இருக்கும் ஹொனலூலுவும் கேட்டது. அந்த இரவில் தொடங்கிய நட்பு இருபது வருடம் நீடித்தது. பிறகு அதைப்போல ஒரு பகை வேறு எவரோடும் ஆம்ஸ்ட்ரோங்குக்கு இருக்கவில்லை.

1917 இல் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியதும் ஆம்ஸ்ட்ரோங் இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவில் கப்டனாகப் பாரிஸுக்குப் போனார். அடுத்த வருடம் ஒரு இரவு ஜேர்மன் விமானங்கள் பாரிஸில் குண்டு போட்டன. பீரங்கிகள் விமானங்களைத் தேடி இருட்டுக்குள் சுட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆம்ஸ்ட்ரோங்குக்கு ஒரு யோசனை வந்தது. விமான எஞ்சினில் பெற்றோலை எரிக்கும் ஒவ்வொரு தீப்பொறியும் ஒரு வானொலி அலையை வெளிவிடுகிறது. அதைப் பிடித்தால் விமானம் எங்கே வருகிறது என்று அறியலாம்.

சத்தத்தை வைத்தே அது சியாமாசெட்டியா, புக்காராவா, கிபிரா என்று பிரித்தறிந்து பங்கருக்குள் ஓடிய எங்களுக்கு இந்த யோசனையை யாரும் விளக்கத் தேவையில்லை.

சிக்கல் என்னவென்றால், அந்தத் தீப்பொறி அலைகள் மிக உயர்ந்த மீடிறன் கொண்டவை. அன்றைய வால்வுகளால் அவற்றைப் பெருக்க முடியாது. ஆம்ஸ்ட்ரோங் பிரச்சினையைத் திருப்பிப் போட்டார். வால்வை மேலே கொண்டுபோக முடியாவிட்டால் அலையைக் கீழே கொண்டுவருவோம் என்றார். இரண்டு நாதஸ்வரங்கள் மிகச் சிறிய சுருதி வித்தியாசத்தோடு ஒன்றாக ஒலித்தால், இரண்டுக்கும் இடையில் விம்மி விம்மி ஒரு அதிர்வு கேட்கும். அந்த விம்மலின் வேகம் இரண்டு சுருதிக்கும் உள்ள வித்தியாசம். அதேபோல, வெளியே இருந்து வரும் அலையோடு கருவிக்குள்ளேயே உண்டாக்கிய இன்னொரு அலையைக் கலந்தால், வித்தியாச மீடிறனில் மூன்றாவது அலை ஒன்று பிறக்கும். குரலோ மோர்ஸோ எதைச் சுமந்து வந்ததோ அதை அந்த மூன்றாவது அலையும் சுமந்திருக்கும். நிலையத்துக்கு நிலையம் உள் அலையை மாற்றினால் போதும். வித்தியாசம் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். அந்த ஒரே மீடிறனுக்காகச் செதுக்கிய வடிகட்டிகளையும் பெருக்கிகளையும் அதற்குப் பின்னால் வைக்கலாம். அந்த மஞ்சள், வெள்ளை, கறுப்புத் தலைக் கூடுகளின் விளக்கம் இதுதான். சூப்பர்ஹெற்றரோடைன் என்பது இதன் பெயர்.

கருவி பாவனைக்கு வருமுன் போர் முடிந்துவிட்டது. பிரான்ஸில் லூசியன் லெவி என்பவரும் ஏறத்தாழ அதே காலத்தில் இதே திசையில் சிந்தித்திருந்தார். பின்னர் உரிமையின் பெரும்பகுதியை ஆம்ஸ்ட்ரோங் அங்கே இழந்தார். ஆனால் நடைமுறையில் இயங்கும் ரிசீவராக அதை ஆக்கியவர் ஆம்ஸ்ட்ரோங் என்பதில் பொறியியலாளர்கள் மத்தியில் பெரிய சர்ச்சை இல்லை. மேஜர் என்ற பட்டத்தோடும் பிரான்ஸின் விருதோடும் ஊர் திரும்பினார்.

அடுத்த சில வருடங்கள் அவருடைய நல்ல காலம். வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனம் அவருடைய காப்புரிமைகளை 335,000 டொலருக்கு வாங்கியது. 1922 இல் இன்னொரு சுற்றுக்காக ஆர்.சி.ஏ. நிறுவனம் 200,000 டொலரும் 60,000 பங்குகளும் கொடுத்தது. அந்த நிறுவனத்தின் மிகப்பெரிய தனிநபர் பங்குதாரர்களில் ஒருவரானார். அதன் மேலாளராக வளர்ந்திருந்தவர் அதே சார்னொஃப். அவருடைய செயலாளராக இருந்த மரியன் மக்கின்னிஸ் என்ற பெண்ணை ஆம்ஸ்ட்ரோங் காதலித்தார். 1923 இல் நியூயோர்க் நகர நடுவே ஒரு கட்டடத்தின் கூரையில் ஆர்.சி.ஏ. எழுப்பிய அன்ரனாக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறி, அங்கே நின்று படம் எடுத்து மரியனுக்கு அனுப்பினார். சார்னொஃப் கொதித்துப் போனார். மரியன் அந்த வருட டிசம்பரில் ஆம்ஸ்ட்ரோங்கைக் கட்டினார். அவர் கொடுத்த கலியாணப் பரிசு, ஒரு சூட்கேஸ் அளவில் தானே செய்த சூப்பர்ஹெற்றரோடைன் றேடியோ. தூக்கிச் செல்லக்கூடிய அந்த வகை றேடியோக்களில் அதுதான் முதலாவது என்கிறார்கள். கடற்கரையில் இருவரும் அந்தப் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு இருக்கும் படத்தைப் பார்த்தால், பின்னால் வரப்போவது எதுவும் நம்பத் தோன்றாது.

டி ஃபொரஸ்ட் தானும் 1912 இலேயே அந்த அலறலைக் கேட்டதாக, உதவியாளரின் குறிப்பேட்டைக் காட்டி வழக்குப் போட்டிருந்தார். ஆரம்ப நீதிமன்றங்களில் ஆம்ஸ்ட்ரோங்தான் வென்றார். டி ஃபொரஸ்டிடம் அப்போது காசு இல்லை. வழக்குச் செலவை விட்டுக்கொடுத்திருந்தால் விடயம் அத்தோடு முடிந்திருக்கலாம். ஆம்ஸ்ட்ரோங் விட்டுக்கொடுக்கவில்லை, தன் காப்புரிமை இலக்கத்தை எழுதிய கொடியை யோங்கர்ஸ் கம்பத்தில் பறக்கவிட்டு எதிராளியைச் சீண்டினார் என்றும் சொல்கிறார்கள். எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கும் என்றாலும், இந்த இடத்தில் பிடிவாதம் அவருக்குப் பகையாக நின்றது என்றுதான் எழுத வேண்டும். வழக்கு வேறு வழியால் மீண்டும் கிளம்பி 1934 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபொரஸ்டுக்குச் சார்பாகத் தீர்த்தது. தொழில்நுட்பம் விளங்காத தீர்ப்பு என்று பொறியியலாளர்கள் பலர் அப்போதே குறைசொன்னார்கள்.

அந்த வருடம் பிலடெல்பியாவில் வானொலிப் பொறியியலாளர்களின் மாநாடு நடந்தது. இதே கண்டுபிடிப்புக்காக அந்தச் சங்கம் 1917 இல் தனது முதலாவது கௌரவப் பதக்கத்தை அவருக்குக் கொடுத்திருந்தது. நீதிமன்றம் தனதல்ல என்று சொன்ன ஒன்றுக்கான பதக்கத்தை வைத்திருப்பது முறையல்ல என்று திருப்பிக் கொடுக்க வந்தார். சங்கம் அதை வாங்க மறுத்து, பதக்கம் அவருக்கே உரியது என்று மீண்டும் உறுதிசெய்தது. அவரோடு வேலை செய்தவர்கள் கொடுத்த தீர்ப்பு அது.

இந்த வழக்குக்கு நடுவிலேயே அவர் தன் மிகப்பெரிய வேலையை முடித்திருந்தார். அன்றைய வானொலிகளை வாட்டியது இரைச்சல். இடி மின்னல், மோட்டார், டிராம் வண்டி எல்லாம் கரகரவென்று உள்ளே வந்தன. குரல் அலையின் வீச்சத்தில் ஏற்றப்பட்டிருந்தது. மின்னலும் அதே வீச்சத்தைத்தான் குழப்பும். ஆகவே இரண்டையும் பிரிக்க வழியில்லை. வீச்சத்தை விட்டுவிட்டு மீடிறனில் குரலை ஏற்றலாம் என்ற யோசனை முன்பே இருந்தது. ஆனால் ஜோன் கார்சன் என்ற கணித வல்லவர் 1922 இல் அதில் ஆதாயமில்லை என்று எழுதியிருந்தார். எல்லோரும் அலைவரிசையை எவ்வளவு ஒடுக்கமாக்கலாம் என்றே பார்த்தார்கள். ஆம்ஸ்ட்ரோங் அகலமாக்கினார். சாதாரண நிலையம் 10 கிலோஹேட்ஸ் இடத்தில் அடங்க, இவர் 200 கிலோஹேட்ஸ் எடுத்துக்கொண்டார். ரிசீவரில் அலையின் உச்சிகளை வெட்டி எறிந்தார். வெட்டுப்பட்ட உச்சியோடு மின்னலும் போய்விட்டது. மீடிறனில் இருந்த குரல் அப்படியே நின்றது. 1933 டிசம்பர் 26 இல் இதற்கான காப்புரிமைகள் கிடைத்தன. நாங்கள் பண்பலை என்று சொல்லும் எஃப்.எம். இதுதான். வன்னியில் புலிகளின் குரல் ஒலித்ததும், இன்று பஸ்ஸில் சாரதி போடும் பாட்டு வருவதும் இதே வழியால்தான்.

இந்த அகலத்தின் அருமையை நான் கையால் தொட்டு அறிந்தது சென்ற வருடம், ரொறன்ரோவில் மாமா வீட்டில் மூன்று கிழமை நின்றபோது. மாமா ஊரில் றேடியோ திருத்தியவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், அலை கேட்பதுதான் பொழுதுபோக்கு. அவரிடம் இரண்டு அகலப்பட்டை ரிசீவர்கள் இருந்தன. ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஜப்பானியக் கருவி; 100 கிலோஹேட்ஸில் இருந்து 1300 மெகாஹேட்ஸ் வரை கேட்கும். மற்றது கணினியில் செருகும் பென்டிரைவ் போன்ற ஒரு குச்சி. சில ஆயிரம் ரூபாய்தான், சுமார் 24 இல் இருந்து 1700 மெகாஹேட்ஸ் வரை பிடிக்கும். எது திறம் என்று கேட்டேன். எதைக் கேட்கப் போகிறாய் தம்பி என்று திருப்பிக் கேட்டார்.

இரண்டையும் ஒரே அன்ரனாவில் மாறி மாறிக் கொழுவிப் பார்த்தோம். குச்சியின் பலம் கண்ணுக்கு: இரண்டு மெகாஹேட்ஸுக்கு மேற்பட்ட அகலத்தை ஒரேயடியாகத் திரையில் விரித்து, எங்கே யார் பேசுகிறார்கள் என்பதை மலைத்தொடர்போலக் காட்டும். அதன் பலவீனமும் அந்தத் திறந்த வாசல்தான். நகரத்தின் பெரிய எஃப்.எம். நிலையங்கள் சி.என். கோபுரத்தில் இருந்து முழுப் பலத்தோடு வரும்போது குச்சி திணறி, இல்லாத இடங்களில் எல்லாம் பாட்டின் ஆவிகளைக் காட்டியது. மெல்லிய குரல்கள் அவற்றுக்குள் மூழ்கின. மாமா எஃப்.எம். பட்டையை மட்டும் தடுக்கும் ஒரு சின்ன வடிகட்டியை இடையில் போட்டதும் பாதி ஆவிகள் கலைந்தன. கையடக்கக் கருவி திரையில் எதையும் காட்டாது. ஆனால் உள்ளே படிப்படியாக மூன்று முறை மீடிறன் மாற்றி வடிகட்டுவதால் நெரிசலில் குறைவாகத்தான் தடுமாறியது. குச்சிக்குள்ளும் இருப்பது அதே கலப்பு முறைதான், கடைசி வேலையை மட்டும் கணினி செய்கிறது. இரண்டுமே பாரிஸ் இரவின் பிள்ளைகள்.

ரிசீவர் ஒப்பிடுகிறவர்கள் விலைப்பட்டியலில் உள்ள மீடிறன் எல்லையைத்தான் முதலில் பார்ப்பார்கள். மாமா அதைக் கடைசியில் பார்க்கச் சொன்னார். பலத்த நிலையம் பக்கத்தில் இருக்கும்போது மெல்லிய நிலையம் கேட்கிறதா என்பதே முதல் சோதனை. அடுத்தது, ஒரு நிலையம் தன் இடத்தில் அல்லாமல் இன்னொரு இடத்திலும் பிம்பமாகத் தெரிகிறதா என்பது. சூப்பர்ஹெற்றரோடைனின் பிறவிக் குறை அது. உள் அலைக்கு மேலேயும் கீழேயும் ஒரே தூரத்தில் இருக்கும் இரண்டு நிலையங்கள் ஒரே வித்தியாசத்தைத் தருமல்லவா? எந்த ரிசீவர் இந்தப் பிம்பத்தை நன்றாகத் தள்ளுகிறதோ அதற்கு விலை கூட.

கையடக்கக் கருவியில் ஒரு பொத்தானை அமத்தினால் ஏ.எம்., எஃப்.எம்., டபிள்யூ.எஃப்.எம். என்று மாறும். மூன்றாவதில் வரும் அகலம்தான் ஆம்ஸ்ட்ரோங் போராடிய அகலம். விமானங்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவதைக் கேட்க, நான் எஃப்.எம்.மில் வைக்கப் போனபோது மாமா ஏ.எம்.முக்கு மாற்றிவிட்டார். இத்தனை சிறந்த எஃப்.எம். இருக்க விமானிகள் ஏன் இன்னும் பழையதில் பேசுகிறார்கள்? எஃப்.எம்.மில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேசினால் பலத்தவரின் குரல் மட்டும் கேட்கும். மெலிந்தவர் பேசினார் என்பதே தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் மோதிக் கீச்சிடும். யாரோ ஒருவர் அங்கே இருக்கிறார் என்றாவது தெரியும். ஆபத்தில் இருக்கும் விமானத்தின் குரல் அழிந்துவிடக் கூடாது என்பது அதை மாற்றாமல் வைத்திருக்கும் காரணங்களில் ஒன்று. அந்த இரவு முழுக்க இது என் மனதை விட்டுப் போகவில்லை.

ஆம்ஸ்ட்ரோங் தன் கண்டுபிடிப்பை முதலில் காட்டியது சார்னொஃபுக்குத்தான். 1934 இல் எம்பயர் ஸ்டேட் கட்டட உச்சியில் இருந்து ஒலிபரப்பி, 100 கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருந்த லோங் ஐலண்ட் வீடொன்றில் சுத்தமாகக் கேட்கச் செய்தார். சார்னொஃப் இரைச்சலை நீக்கும் ஒரு கருவியைத்தான் எதிர்பார்த்தார். வந்ததோ ஆர்.சி.ஏ. கட்டி வைத்திருந்த ஏ.எம். நிலையங்களையும் றேடியோக்களையும் பழசாக்கிவிடக்கூடிய முழுப் புதிய முறை. நிறுவனத்தின் கவனமும் பணமும் தொலைக்காட்சியில் இருந்தன. 1935 இல், தொலைக்காட்சிச் சோதனைக்கு இடம் வேண்டும் என்று அவருடைய கருவிகளைக் கட்டடத்தில் இருந்து அகற்றச் சொன்னார்கள். அந்த வருட நவம்பரில் நியூயோர்க்கில் பொறியியலாளர்கள் கூடிய மண்டபத்தில் அவர் நடத்திய காட்சியைப் பலர் நினைவில் வைத்திருந்தார்கள். யோங்கர்ஸில் நண்பர் வீட்டில் இருந்து கிளாஸில் தண்ணீர் ஊற்றும் ஒலியும், கடதாசி கசக்கும் ஒலியும் மண்டபத்தில் பக்கத்தில் கேட்பதுபோலக் கேட்டன.

பங்குகளை விற்று, சொந்தக் காசில் 300,000 டொலருக்கு மேல் செலவிட்டு, ஹட்சன் ஆற்றின் மறுகரையில் அல்பைன் என்ற இடத்தில் 400 அடிக்கு மேல் உயரமான கோபுரம் ஒன்றை எழுப்பினார். 1939 இல் அங்கிருந்து முறையாக ஒலிபரப்பினார். மற்ற நிறுவனங்கள் அனுமதி பெற்று விற்பனைக்கு ஏற்ப உரிமைத்தொகை கட்டின. ஆர்.சி.ஏ. ஒரேயடியாக 10 லட்சம் டொலர் தருவதாகச் சொன்னது. எல்லோருக்கும் ஒரே கணக்குத்தான் என்று அவர் மறுத்தார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் தன் எஃப்.எம். காப்புரிமைகளை இராணுவம் காசில்லாமல் பயன்படுத்த விட்டார். போர்க்களத்தில் ஓடும் ஜீப்பிலும் டாங்கியிலும் எஞ்சின் இரைச்சலை மீறிக் குரல் கேட்டது அதனால்தான்.

போர் முடியும் தறுவாயில், 1945 ஜூனில் அரசின் தொடர்பாடல் ஆணைக்குழு ஒரு உத்தரவு போட்டது. அதுவரை 42 இல் இருந்து 50 மெகாஹேட்ஸில் இருந்த எஃப்.எம். ஒலிபரப்பு 88 இல் இருந்து 108க்கு மாற வேண்டும். மேல்வளிமண்டலத்தால் குழப்பம் வரும் என்று காரணம் சொன்னார்கள். அந்தக் கணிப்பு பிழை என்று ஆம்ஸ்ட்ரோங் வாதிட்டார். யாரும் எடுபடவில்லை. மக்கள் காசு கொடுத்து வாங்கிய லட்சக்கணக்கான றேடியோக்கள், ஒன்றும் பழுதாகாமலே, ஒரு உத்தரவால் ஊமையாகின. இன்று எங்கள் றேடியோவில் 88க்கும் 108க்கும் நடுவே தேடும்போது நாங்கள் அந்த உத்தரவுக்குள்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

1948 இல் அவர் ஆர்.சி.ஏ. மீது வழக்குத் தொடுத்தார். நிறுவனம் தன் தொலைக்காட்சிகளின் ஒலிக்கு எஃப்.எம்.மைப் பயன்படுத்திக்கொண்டே, அது தங்கள் சொந்த ஆய்வின் விளைவு என்றது. முன்விசாரணையிலேயே அவரை மாதக்கணக்கில் கேள்வி கேட்டார்கள். காப்புரிமை 17 வருடங்களுக்குத்தான்; 1950 முடிவோடு முக்கியமானவை காலாவதியாகின. பெரிய நிறுவனத்துக்குத் தாமதம் ஒரு செலவு மட்டுமே. தனி மனிதனுக்கு அது ஆயுள். அவர் வேறு எதையும் பேசாதவரானார். வழக்குக் கோப்புகள் வீட்டை நிறைத்தன. சொத்துக் கரைந்தது. 1953 நவம்பரில், மரியனின் பெயரில் வைத்திருந்த பணத்தைக் கேட்டு வந்த சண்டையில், கணப்படுப்பின் இரும்புக்கோலால் அவருடைய கையில் அடித்துவிட்டார். முப்பது வருடம் கூட வாழ்ந்த மரியன் சகோதரி வீட்டுக்குப் போனார். ஆம்ஸ்ட்ரோங்கைத் தியாகியாக எழுதுகிறவர்கள் சிலர் இந்த இடத்தை அவசரமாகக் கடக்கிறார்கள். கடக்கக் கூடாது.

1954 ஜனவரி 31 இரவு, மரியனை நோகடித்ததற்காக வருந்தி ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, ஆம்ஸ்ட்ரோங் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 63. எப்படி என்று நான் எழுதப்போவதில்லை; போருக்குப் பிறகு வீட்டில் இப்படி ஒருவரை இழந்தவர்கள் இதை வாசிப்பார்கள். நொத்தாரிசு கையெழுத்திட்ட அந்த முதல் வரைபடத்துக்கு அன்று சரியாக 41 வருடம்.

வழக்கை மரியன் எடுத்துக்கொண்டார். அந்த வருட இறுதியில் ஆர்.சி.ஏ.யோடு 10 லட்சம் டொலருக்குச் சற்றுக் கூடுதலான தொகைக்கு இணக்கத்துக்கு வந்தார். 1940 இல் அவருடைய கணவர் மறுத்த அதே அளவு தொகை. அந்தப் பணத்தை வைத்து மற்ற நிறுவனங்களை ஒவ்வொன்றாக நீதிமன்றத்துக்கு இழுத்தார். கோப்புகளைச் சுமந்துகொண்டு அலுவலகம் அலுவலகமாக நடக்கும் பெண்களை வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நான் நிறையச் சந்தித்திருக்கிறேன்; அவர்களுக்கு இல்லாத பணமும் நல்ல சட்டத்தரணிகளும் மரியனுக்கு இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் 13 வருடம் எடுத்தது. ஒரு வழக்கிலும் அவர் தோற்கவில்லை. கடைசியாக மோட்டரோலாவுக்கு எதிரான வழக்கு 1967 இல் முடிந்தபோது, எஃப்.எம். யாருடையது என்ற கேள்வி நீதிமன்றங்களில் தீர்ந்தது. மரியன் 1979 இல் காலமானார்.

அல்பைன் கோபுரம் இன்னும் நிற்கிறது. 2001 செப்டம்பர் 11 இல் உலக வர்த்தக மையத்தின் கூரையில் இருந்த அன்ரனாக்கள் கட்டடத்தோடு விழுந்தபோது, நியூயோர்க்கின் சில தொலைக்காட்சி நிலையங்கள் தற்காலிகமாக அங்கிருந்து ஒளிபரப்பின.